தாடியஸ் ஸ்டீவன்ஸ்: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

பென்சில்வேனியாவின் லங்காஸ்டருக்கு வரும் நம்மவர்கள் பெரும்பாலும் ஆமிஷ் குடும்பங்களின் குதிரை வண்டிகளையும் சோளக் கொல்லைகளையும் பார்க்கத்தான் வருகிறார்கள். வீட்டுக்கு வருகிறவர்களை நான் இன்னொரு இடத்துக்கும் அழைத்துப் போவேன். ஊருக்குள், செஸ்ட்நட் தெருவும் மல்பெரி தெருவும் சந்திக்கும் மூலையில் உள்ள சிறிய கல்லறைத் தோட்டம் அது. அங்கே ஒரு கல்லின் முன்னால் நின்று நான் பேச ஆரம்பித்தால் கேள்விகள் வரும். அத்தை கேட்டதையே அடுத்த மாதம் நண்பரின் மாமனார் கேட்பார், சட்டம் படிக்கும் அண்ணன் மகள் இன்னும் கொஞ்சம் குடைவாள். அந்தக் கேள்விகளை அவரவர் கேட்டபடியே இங்கே தொகுத்திருக்கிறேன்.

"யாருங்க இவரு? பேரே கேள்விப்பட்டதில்லையே?"

தாடியஸ் ஸ்டீவன்ஸ் (1792–1868) வக்கீல், இரும்பாலை முதலாளி, அரசியல்வாதி. முதலில் பென்சில்வேனியா சட்டசபையிலும் பிறகு அமெரிக்கக் காங்கிரஸின் பிரதிநிதிகள் சபையிலும் இருந்தார். உள்நாட்டுப் போர் நடந்த 1861 முதல் 1865 வரையிலும், அதற்கு அடுத்த மூன்று ஆண்டுகளிலும் அந்தச் சபையில் அவரை மீறி எதையும் நகர்த்துவது கடினமாக இருந்தது. ஜனாதிபதி பதவிக்கு அவர் போட்டியிட்டதில்லை, அமைச்சராகவும் இருந்ததில்லை. பெயர் பரவாததற்கு அதுவும் ஒரு காரணம். இன்னொரு காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

"லிங்கன்தானே அடிமைகளை விடுதலை பண்ணாரு? இவரு என்ன பண்ணாரு?"

1863 ஜனவரி 1 அன்று லிங்கன் வெளியிட்ட விடுதலைப் பிரகடனம், கிளர்ச்சியில் இருந்த தெற்குப் பகுதிகளுக்கு மட்டுமே பொருந்தும். யூனியனோடு, அதாவது பிரிந்துபோகாமல் அமெரிக்க அரசோடு, நின்ற கென்டக்கி, மேரிலாந்து போன்ற அடிமை மாநிலங்களை அது தொடவில்லை. போர்க்கால ஆணையாக வந்ததால், போர் முடிந்தபின் நீதிமன்றத்தில் நிற்குமா என்ற பயமும் இருந்தது. அடிமைமுறை நாடு முழுவதும் ஒழிய அரசியல் சட்டத்தையே திருத்த வேண்டியிருந்தது. 1865 ஜனவரி 31 அன்று 119-க்கு 56 என்ற வாக்குகளில் 13-ஆவது திருத்தம் பிரதிநிதிகள் சபையைக் கடந்தது. அதற்காகப் பல ஆண்டுகள் முட்டி மோதியவர்களில் முன்வரிசையில் இருந்தவர் ஸ்டீவன்ஸ்.

இருவரும் ஒரே கட்சிக்காரர்கள். லிங்கன் நாட்டின் மனநிலையைப் பார்த்துப் பார்த்து அடி எடுத்து வைத்தார். ஸ்டீவன்ஸ், 'இன்னும் ஏன் தாமதம்?' என்று பின்னாலிருந்து நெட்டிக்கொண்டே இருந்தார். லிங்கனைக் குறைத்துச் சொல்லி இவரை உயர்த்த வேண்டியதில்லை. ஆனால் லிங்கன் தனியாக நடந்தார் என்று நினைத்தால் கதையில் பாதி போய்விடும்.

"காலு கொஞ்சம் ஊனமாமே? பிறவியிலேயேவா?"

ஆம், பிறக்கும்போதே ஒரு பாதம் வளைந்திருந்தது. அவருடைய அண்ணனுக்கு இரண்டு பாதங்களும் அப்படி. வெர்மான்ட் மாநிலத்தின் டான்வில் என்ற ஊரில் பிறந்தார். செருப்புத் தைத்தும் சிறு விவசாயம் பார்த்தும் வந்த அப்பா, குடும்பத்தை விட்டுவிட்டுப் போய்விட்டார். அம்மா சாரா நான்கு பையன்களோடு தனியாக நின்றார். வயல் வேலை செய்ய முடியாத இந்தப் பிள்ளைக்குப் படிப்புதான் கதி என்று முடிவெடுத்து, பள்ளிக்கூடம் இருந்த பீச்சம் என்ற ஊருக்குக் குடிபெயர்ந்தார். மகன் டார்ட்மவுத் கல்லூரியில் 1814-இல் பட்டம் பெற்றார்.

அம்மா மீது அவருக்கு இருந்த பாசம் கடைசிவரை குறையவில்லை. கையில் பணம் வந்ததும் அவருக்கு ஒரு பண்ணை வாங்கிக் கொடுத்தார். தன் வாழ்க்கையில் தனக்கு மிகுந்த நிறைவைத் தந்த காரியம் அதுதான் என்று சொல்லியிருக்கிறார்.

"வெர்மான்ட்டுக்காரர் இங்க எப்படி வந்தாரு?"

வாத்தியார் வேலைக்கு. யார்க் என்ற ஊரில் பாடம் சொல்லிக்கொடுத்துக்கொண்டே சட்டம் படித்தார். வேறு வேலை பார்த்தபடி படித்தவர்களை அந்த ஊர் வக்கீல் சங்கம் சேர்த்துக்கொள்ளாததால், எல்லை தாண்டி மேரிலாந்துக்குப் போய்த் தேர்வு எழுதித் தேறினார். 1816-இல் கெட்டிஸ்பர்கில் வக்கீல் பலகை மாட்டினார். லங்காஸ்டருக்கு வந்தது 1842-இல். இரும்புத் தொழிலில் பட்ட கடனை அடைக்க, கேஸ் அதிகம் கிடைக்கும் ஊராகப் பார்த்து வந்தார்.

"இவரே ஒரு தடவை அடிமைக்காரன் பக்கம் வாதாடியிருக்காராமே? உண்மையா?"

உண்மை. இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் பெரும்பாலும் கொஞ்சம் தயங்கிக் கேட்கிறார்கள், நான் சங்கடப்படுவேன் என்று நினைத்து. இதைச் சொல்லாமல் ஸ்டீவன்ஸைப் பற்றிப் பேசவே கூடாது என்பது என் கட்சி.

பென்சில்வேனியா 1780-லேயே அடிமைமுறையைப் படிப்படியாக ஒழிக்கும் சட்டம் போட்டுவிட்டது. வெளிமாநிலத்தவர் ஒருவர் தன் அடிமையை ஆறு மாதத்துக்கு மேல் இங்கே தங்க வைத்தால் அந்த அடிமைக்கு விடுதலை. மேரிலாந்தைச் சேர்ந்த சாரிட்டி பட்லர் என்ற பெண் அந்தச் சட்டத்தை நம்பி விடுதலை கேட்டு வழக்காடினாள். அவளைப் பலமுறை பென்சில்வேனியாவுக்கு அழைத்து வந்திருந்தார்கள். அந்த நாள்களையெல்லாம் கூட்டினால் ஆறு மாதத்தைத் தாண்டும். நார்மன் புரூஸ் என்ற உடைமையாளருக்காக ஸ்டீவன்ஸ் ஆஜரானார். ஆறு மாதமும் தொடர்ச்சியாக இருக்க வேண்டும், விட்டு விட்டுத் தங்கியதைக் கூட்டக் கூடாது என்பது அவர் வாதம். 1821-இல் மாநில உச்ச நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது. சாரிட்டியும் அவள் குழந்தைகளும் அடிமைகளாகவே திரும்பினார்கள்.

வக்கீல் என்ற முறையில் அது கெட்டிக்காரத்தனமான வாதம். ஒரு தாய்க்கும் பிள்ளைகளுக்கும் அது என்ன செய்தது என்பதும் அவருக்குத் தெரியும். அதன்பின் ஓர் அடிமை உடைமையாளருக்காக அவர் வாதாடியதில்லை. இரண்டு ஆண்டுகள் கழித்து, 1823 ஜூலை 4 சுதந்திர தின விருந்தில் கோப்பையைத் தூக்கி, அடுத்த ஜனாதிபதி எந்த மனிதனுக்கும் விலங்கு பூட்டாத சுதந்திர மனிதனாக இருக்கட்டும் என்று வாழ்த்தினார். தப்பி வந்த அடிமைகளுக்காகப் பணம் வாங்காமல் வாதாடும் வழக்கமும் பிற்பாடு வந்தது. மனம் மாறியதை அவர் ஒரு கடிதத்தில்கூட விளக்கி எழுதவில்லையே என்று அண்ணன் மகள் கேட்டாள். அவருடைய அடுத்த நாற்பத்தைந்து ஆண்டுகளைத்தான் நான் அந்தக் கடிதமாகப் படிக்கிறேன். அடுத்து வரும் பதில்களைப் படிக்கும்போது சாரிட்டி பட்லர் என்ற பெயரையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

"பள்ளிக்கூடத்துக்கும் இவருக்கும் என்ன சம்பந்தம்? ஊர்ல ஸ்டீவன்ஸ் பேர்ல காலேஜ் இருக்கே?"

என்னைக் கேட்டால் அவர் வாழ்க்கையின் மிக அழகான நாள் 1835 ஏப்ரல் 11.

அதற்கு முந்தைய ஆண்டுதான் பென்சில்வேனியா எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுப் பள்ளி என்று சட்டம் போட்டிருந்தது. அதற்கு முன்பு ஏழைப் பிள்ளைக்கு இலவசப் படிப்பு வேண்டுமென்றால், பெற்றோர் தங்களை 'ஏழைகள்' என்று பட்டியலில் பதிய வேண்டும். வகுப்பில் எல்லோருக்கும் யார் தருமப் பிள்ளை என்று தெரியும். புதிய சட்டம் அந்த இழிவை நீக்கியது. ஆனால் வரி போட்டதால் ஊரெங்கும் எதிர்ப்பு. 'என் பணத்தில் அடுத்தவன் பிள்ளை ஏன் படிக்கணும்?' என்ற கேள்வி அப்போதும் இருந்தது. சட்டத்தை ரத்து செய்ய மாநில செனட் வாக்களித்துவிட்டது. ஸ்டீவன்ஸின் சொந்தத் தொகுதி மக்களே ரத்துக்கு ஆதரவாக இருந்தார்கள்.

அவர் எழுந்து பேசினார். பழைய முறைக்கே திரும்ப வேண்டுமென்றால் அந்தச் சட்டத்துக்குச் சரியான பெயர் வையுங்கள், 'பணக்காரர்களிடமிருந்தும் பெருமைக்காரர்களிடமிருந்தும் ஏழைகளைப் பிரித்துக் காட்ட முத்திரை குத்தும் சட்டம்' என்று சொல்லுங்கள் என்றார். அப்பா விட்டுப்போன, கால் சரியில்லாத ஒரு பையனைப் படிக்க வைக்க ஒரு தாய் ஊர் மாறினாள் என்று மேலே எழுதினேனே, அந்தப் பையன் பேசிய பேச்சு அது. ரத்துத் தீர்மானம் தோற்றது, பள்ளிகள் பிழைத்தன. நீங்கள் கேட்ட கல்லூரியும் அவர் உயில் பணத்தில் முளைத்ததுதான். இனம், நிறம் பார்க்காமல் எல்லா அனாதைப் பிள்ளைகளையும் சேர்க்கும் இல்லம் ஒன்று வேண்டும் என்று எழுதி வைத்தார். அது 1905-இல் தொழிற்பள்ளியாக உருவெடுத்து, இன்று தொழில்நுட்பக் கல்லூரியாக நிற்கிறது.

"ஜன்னல் வழியா எகிறிக் குதிச்சாராமே?"

1838 டிசம்பரில் நடந்தது. மாநிலச் சட்டசபையில் யாருக்குப் பெரும்பான்மை என்று இரு கட்சிகளும் அடித்துக்கொண்டன. ஹாரிஸ்பர்கில் கூட்டம் சபைக்குள் புகுந்தபோது ஸ்டீவன்ஸும் சகாக்களும் ஜன்னல் வழியாகத் தப்பினார்கள். அதில் அவர் பக்கம் முழு நியாயம் இருந்ததாக நான் சொல்ல மாட்டேன். தேர்தல் அரசியலில் அவர் கறாரான, சில நேரம் கரடுமுரடான ஆள்.

அதே காலத்தில் நடந்த இன்னொன்றுதான் எனக்கு முக்கியம். மாநிலத்துக்குப் புதிய அரசியல் சட்டம் எழுத ஒரு மாநாடு கூடியது. அதுவரை சில இடங்களில் வாக்களித்துவந்த கறுப்பின ஆண்களின் உரிமையைப் பறித்து, 'வெள்ளையர்' என்ற சொல்லை அதில் நுழைத்தார்கள். மாநாட்டு உறுப்பினரான ஸ்டீவன்ஸ் அந்த ஆவணத்தில் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார்.

"கிறிஸ்டியானா கேஸ்னு சொல்றாங்களே, அது என்ன?"

1850-இல் வந்த தப்பியோடிய அடிமைகள் சட்டம், வட மாநிலத்தவரையும் அடிமை பிடிக்க உதவும்படி கட்டாயப்படுத்தியது. பிடிபட்டவருக்கு ஜூரி விசாரணை கிடையாது. ஆணையர் ஒருவர் முடிவு செய்வார். அடிமைதான் என்று சொன்னால் அவருக்கு 10 டாலர், இல்லை என்று விடுவித்தால் 5 டாலர். காங்கிரஸில் அப்போது புதியவராக இருந்த ஸ்டீவன்ஸ் இதைக் கடுமையாக எதிர்த்தார்.

1851 செப்டம்பர் 11 அன்று, லங்காஸ்டர் மாவட்டத்திலேயே உள்ள கிறிஸ்டியானாவுக்கு எட்வர்ட் கோர்சச் என்ற மேரிலாந்துக்காரர் தன்னிடமிருந்து தப்பியவர்களைப் பிடிக்க அரசு அதிகாரியோடு வந்தார். வில்லியம் பார்க்கர் என்ற கறுப்பினத்தவரின் வீட்டில் இருந்தவர்களும் அக்கம்பக்கத்தாரும் திரண்டு எதிர்த்தார்கள். மோதலில் கோர்சச் இறந்தார். பார்க்கர் கனடாவுக்குத் தப்பினார். அரசாங்கம் 38 பேர் மீது தேசத்துரோக வழக்குப் போட்டது. முதலில் விசாரிக்கப்பட்டவர் காஸ்ட்னர் ஹான்வே என்ற வெள்ளையர், மாவு ஆலைக்காரர். அதிகாரிக்கு உதவ மறுத்ததுதான் அவர் செய்தது. சுதந்திரப் பிரகடனம் கையெழுத்தான அதே பிலடெல்பியா மண்டபத்தில் விசாரணை நடந்தது. ஹான்வேக்காக வாதாடிய வக்கீல்களில் ஸ்டீவன்ஸும் ஒருவர். ஜூரி சுமார் கால் மணி நேரத்தில் குற்றமற்றவர் என்று சொல்லிவிட்டது. மற்றவர்கள் மீதான துரோக வழக்குகளும் உதிர்ந்தன. முப்பது ஆண்டுகளுக்கு முன் உடைமையாளருக்காக வாதாடிய அதே வக்கீல்தான்.

"வீட்டுக்குப் பின்னாடி தொட்டியில ஆளுங்கள ஒளிச்சு வெச்சாரா?"

அப்படி நம்ப நல்ல காரணம் இருக்கிறது. லங்காஸ்டரில் குயின் தெருவில் அவர் வீடும் அலுவலகமும் இருந்த இடத்தில், 2000-களின் தொடக்கத்தில் மாநாட்டு மையம் கட்டுவதற்கு முன் அகழாய்வு நடந்தது. கொல்லையில் இருந்த நிலத்தடித் தண்ணீர்த் தொட்டி ஆள் நுழையும்படி மாற்றி அமைக்கப்பட்டிருப்பது அப்போது தெரியவந்தது. தெற்கிலிருந்து தப்பி வந்தவர்களின் மறைவிடமாக இருந்திருக்கும் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

"அந்த வீட்டுல ஒரு அம்மா இருந்தாங்களே, அவங்களுக்கும் இவருக்கும்...?"

லிடியா ஹாமில்டன் ஸ்மித். கணவரை இழந்தவர், கலப்பினப் பெண். ஸ்டீவன்ஸின் வீட்டு நிர்வாகத்தை இருபது ஆண்டுகள் பார்த்துக்கொண்டார். ஸ்டீவன்ஸ் திருமணம் செய்துகொள்ளவில்லை. ஆகவே ஊர் பேசியது. எதிரிக் கட்சிப் பத்திரிகைகள் அந்தப் பேச்சை ஆயுதமாக்கின. திட்டவட்டமாகச் சொல்ல ஆதாரம் எந்தப் பக்கமும் இல்லை என்பதால் நானும் யூகிக்கப் போவதில்லை. உறுதியாகத் தெரிந்தது, வேலைக்காரப் பெண்களைப் பெயர் சொல்லி அழைத்த காலத்தில் அவரை 'மிஸஸ் ஸ்மித்' என்று மரியாதையோடு அழைத்தார் என்பது.

அவரை ஸ்டீவன்ஸோடு ஒட்டிய நிழலாகப் பார்ப்பதும் தவறு. சொந்தமாக வீடுகள் வாங்கி வாடகைக்கு விட்ட கெட்டிக்காரி அவர். கெட்டிஸ்பர்க் போர் முடிந்ததும் வண்டி பிடித்துப் பண்ணை பண்ணையாகப் போய் உணவும் துணியும் சேர்த்து, இரண்டு தரப்பிலும் காயம்பட்டவர்களுக்குக் கொடுத்தார் என்று இந்தப் பக்கத்தில் சொல்வார்கள். ஸ்டீவன்ஸ் தன் உயிலில் அவருக்கு ஆண்டுக்கு 500 டாலர், அல்லது மொத்தமாக 5,000 டாலர் எழுதி வைத்தார். அந்த அம்மா அவருடைய வீட்டையே விலைக்கு வாங்கினார்.

"இரும்பாலைய எரிச்சதுக்குத்தான் தெற்கு மேல அவ்வளவு கோவமா?"

1863 ஜூன் கடைசியில், கெட்டிஸ்பர்க் போருக்குச் சில நாள் முன்பு, கான்ஃபெடரேட் (பிரிந்துபோன தெற்கு மாநிலங்களின்) தளபதி ஜூபல் எர்லியின் படை ஸ்டீவன்ஸின் கலிடோனியா இரும்பாலையைக் கொளுத்தியது. ஆலை யாருடையது என்று தெரிந்தே கொளுத்தினார்கள். ஸ்டீவன்ஸ் எழுதிய கடிதத்தில் தன் நஷ்டத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, வேலை போன தொழிலாளர் குடும்பங்களின் நிலையைத்தான் விசாரித்தார்.

'பழிவாங்கும் கிழவர்' என்ற படத்துக்கு இந்தச் சம்பவத்தைக் காரணமாகக் காட்டுவது நீண்ட காலம் நடந்தது. மேலே உள்ள ஆண்டுகளைப் பாருங்கள். 1823, 1838, 1850, 1851. ஆலை எரிவதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே அவர் பாதை தெளிவாகிவிட்டது.

"போர் நேரத்துல இவரு என்ன பொறுப்புல இருந்தாரு?"

கஜானா. சபையின் வரி, நிதிக் குழுவுக்குத் தலைவர். நாட்டின் முதல் வருமான வரி 1861-இலும், தங்கத்தால் ஈடு கட்டாத 'கிரீன்பேக்' காகிதப் பணம் 1862-இலும் வந்தன. இரண்டிலும் அவர் கை உண்டு.

"தோத்துப்போன மாநிலங்களைச் சும்மா திரும்பச் சேர்த்துக்கிட்டா என்ன? ஏன் அவ்வளவு பிடிவாதம்?"

இது நல்ல கேள்வி, கொஞ்சம் நின்று பதில் சொல்ல வேண்டும். தெற்கு மாநிலங்கள் சட்டப்படி பிரியவே முடியாது, ஆகவே அவை எப்போதும் யூனியனுக்குள்ளேதான் இருந்தன என்பது லிங்கனின் பார்வை. ஸ்டீவன்ஸ், 'நான்கு ஆண்டு போர் நடந்ததே, அது கனவா?' என்ற பக்கம். அவை போரில் வென்றெடுக்கப்பட்ட பிரதேசங்கள், அவற்றை எந்த நிபந்தனையில் சேர்ப்பது என்பதைக் காங்கிரஸ்தான் தீர்மானிக்க வேண்டும் என்றார்.

வெறும் தத்துவச் சண்டை என்று நினைக்க வேண்டாம். லிங்கன் கொலைக்குப் பிறகு வந்த ஆண்ட்ரூ ஜான்சன், கிளர்ச்சித் தலைவர்களுக்குத் தாராளமாக மன்னிப்பு வழங்கினார். தெற்கு சட்டசபைகள் 'கறுப்பர் சட்டங்கள்' போட்டன. வேலை ஒப்பந்தம் இல்லாத கறுப்பினத்தவரைச் சோம்பித் திரிபவர் என்று கைது செய்து, அபராதம் போட்டு, அபராதத்துக்காக மறுபடி வேலைக்கு விடலாம். அடிமைமுறை வேறு பெயரில் திரும்பிக்கொண்டிருந்தது. இன்னொரு சிக்கலும் உண்டு. பழைய கணக்கில், தொகுதி ஒதுக்கும்போது ஐந்து அடிமைகளை மூன்று பேராக எண்ணினார்கள். விடுதலைக்குப் பின் ஐவரும் ஐவராகவே எண்ணப்படுவார்கள். வாக்குரிமை மட்டும் கிடையாது. ஆக, போரில் தோற்றவர்களுக்குக் காங்கிரஸில் முன்பைவிட அதிக இடங்கள் கிடைத்திருக்கும்!

1865 டிசம்பர் 4 அன்று காங்கிரஸ் கூடியபோது தெற்கிலிருந்து வந்தவர்கள் இருக்கை தேடி நின்றார்கள். சபைச் செயலர் எட்வர்ட் மெக்பெர்சன் பெயர்களை வாசித்தார். தெற்கு மாநிலப் பெயர்களை விட்டுவிட்டார். மெக்பெர்சன் கெட்டிஸ்பர்க்காரர், ஸ்டீவன்ஸின் சீடர். ஏற்பாடு யாருடையது என்று சபையில் எல்லோருக்கும் தெரியும்.

"14-ஆவது திருத்தம் இவர் எழுதினதுதானே? நம்ம பசங்களுக்கு இங்க குடியுரிமை கிடைச்சதே அதனாலதானே?"

பாதி சரி. அமெரிக்க மண்ணில் பிறந்தவர் அமெரிக்கக் குடிமகன் என்பது 14-ஆவது திருத்தத்தின் முதல் வரி. இங்கே பிறந்த நம் பிள்ளைகளும் அந்த வரியின் பிள்ளைகள்தான். ஆனால் அதைச் சேர்த்தவர் செனட்டர் ஜேக்கப் ஹோவர்ட். கறுப்பினத்தவர் குடிமக்களாகவே முடியாது என்று 1857-இல் உச்ச நீதிமன்றம் சொன்ன ட்ரெட் ஸ்காட் தீர்ப்பை அது அழித்தது. 'சட்டங்களின் சமமான பாதுகாப்பு' என்ற சொற்கள் ஒஹையோவின் ஜான் பிங்காம் எழுதியவை. இந்திய அரசியல் சட்டத்தின் 14-ஆவது பிரிவைப் படித்தவர்களுக்கு அந்தத் தொடர் பழக்கமானது. அது அங்கிருந்து வந்ததுதான். ஸ்டீவன்ஸ், காங்கிரஸின் இரு சபைகளும் சேர்ந்து அமைத்த கூட்டுக் குழுவில் பிரதிநிதிகள் சபைத் தரப்பை நடத்தி, திருத்தத்தைச் சபையில் கொண்டுவந்து, நிறைவேற்றிக் காட்டியவர்.

அதில் அவருக்குத் திருப்தி இல்லை. கறுப்பின ஆண்களுக்கு வாக்குரிமையை அது நேரடியாகத் தரவில்லை. மறுக்கும் மாநிலத்தின் தொகுதிகள் குறையும் என்று மட்டும் சொன்னது. 1866 ஜூன் 13 அன்று இறுதி வாக்கெடுப்புக்கு முன் அவர் பேசியது எனக்கு மனப்பாடம். எல்லா ஏற்றத்தாழ்வும் நீங்கிய ஒரு குடியரசைப் பற்றிய கனவு கலைந்துவிட்டது என்றார். பழைய கட்டடத்தின் மோசமான பகுதிகளை ஒட்டுப் போடுவதோடு நிற்க வேண்டியிருக்கிறது என்றார். இவ்வளவு குறையுள்ளதை ஏன் ஏற்கிறேன் என்றால், "நான் மனிதர்களுக்கு நடுவில் வாழ்கிறேன், தேவதூதர்களுக்கு நடுவில் அல்ல." 120-க்கு 32 என்று நிறைவேறியது. மாநிலங்களின் ஒப்புதல் 1868 ஜூலையில் முழுமையானது. ஸ்டீவன்ஸ் அதற்கு அடுத்த மாதம் இறந்தார். கறுப்பின ஆண்களுக்கு வாக்குரிமை உறுதி செய்த 15-ஆவது திருத்தம் வந்த 1870-இல் அவர் இல்லை.

"நிலத்தைப் பிடுங்கிக் கொடுக்கணும்னு சொன்னாராமே? அது அநியாயம் இல்லையா?"

அண்ணன் மகளோடு நான் ராத்திரி வெகுநேரம் பேசிக்கொண்டிருந்த கேள்வி இது. 1865 செப்டம்பரில் லங்காஸ்டரில் அவர் பேசினார். எல்லா வெள்ளையர் நிலத்தையும் பிடுங்கச் சொல்லவில்லை. கிளர்ச்சியில் நின்ற பெருநிலக்காரர்கள், அதாவது 200 ஏக்கருக்கு மேல் வைத்திருப்பவர்கள், அவர் கணக்கில் சுமார் 70,000 பேர். அவர்கள் கையில் 39.4 கோடி ஏக்கர். விடுதலை பெற்ற ஒவ்வோர் ஆணுக்கும் 40 ஏக்கர் கொடுத்தாலும் அதில் பத்தில் ஒரு பங்குதான் செலவாகும். மீதியை விற்றுப் போர்க் கடனை அடைக்கலாம், ஊனமுற்ற வீரர்களுக்கு உதவலாம் என்றார்.

நியாயமா என்று கேட்டால், அந்த நிலத்தைப் பண்படுத்தியது யார் என்று நான் திருப்பிக் கேட்பேன். தலைமுறை தலைமுறையாகக் கூலியில்லாமல் உழைத்தவனைக் கையில் ஒன்றுமில்லாமல் விடுவித்தால், பழைய எஜமானின் வாசலில்தான் போய் நிற்பான். ஸ்டீவன்ஸ் சொன்னதும் அதைத்தான். 1865 ஜனவரியில் தளபதி ஷெர்மன் கடலோர நிலங்களில் 40 ஏக்கர் துண்டுகளாகக் கறுப்பினக் குடும்பங்களைக் குடியேற்றியிருந்தார். ஜான்சன் அந்த நிலங்களைப் பழைய உடைமையாளர்களுக்கே திருப்பிக் கொடுத்தார். 1866 பிப்ரவரியில் ஸ்டீவன்ஸ் கொண்டுவந்த நிலத் திருத்தத்துக்குக் கிடைத்தது 37 வாக்குகள், எதிராக 126. சொந்தக் கட்சியே கைவிட்டது. அடிமைமுறையை எதிர்த்த வடக்கத்திய முதலாளிக்கும், சொத்துரிமையைத் தொடுகிறார்கள் என்றதும் பயம் வந்துவிட்டது. அடுத்து வந்த குத்தகைக் காலத்தையும் தீராக் கடனையும் படிக்கும்போது, அந்த 126 பேர் மீது எனக்குக் கோபம் வரும்.

"ஜனாதிபதியையே பதவியிலிருந்து தூக்கப் பார்த்தாரா?"

ஆம். போர்த்துறைச் செயலர் ஸ்டான்டனைக் காங்கிரஸின் சட்டத்தை மீறி ஜான்சன் நீக்கியபோது, 1868 பிப்ரவரி 24 அன்று சபை 126-க்கு 47 என்று குற்றச்சாட்டை நிறைவேற்றியது. அமெரிக்க ஜனாதிபதி ஒருவர் மீது இது நடந்தது அதுவே முதல்முறை. ஸ்டீவன்ஸுக்கு அப்போது 75 வயது. நடக்க முடியாமல், நாற்காலியில் தூக்கி வரப்பட்டுத்தான் செனட் விசாரணைக்கு வந்தார். பேசத் தொடங்கி, குரல் போய், மீதியை இன்னொருவர் வாசித்தார். மே மாதம் வாக்கெடுப்பில் 35 பேர் குற்றவாளி என்றார்கள், 19 பேர் இல்லை என்றார்கள். மூன்றில் இரண்டு பங்குக்கு ஒரு வாக்கு குறைந்தது. சட்டப்படி அந்த வழக்கு பலவீனமானது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். உண்மையான குற்றச்சாட்டு, விடுதலை பெற்றவர்களை ஜான்சன் கைவிட்டார் என்பது. அதை எழுதச் சட்டத்தில் பத்தி இல்லாததால் ஸ்டான்டன் விவகாரத்தைப் பிடித்தார்கள்.

"இவ்வளவு செஞ்சவரைப் பாடப் புத்தகத்துல ஏன் காணோம்?"

முதல் பதிலில் பாக்கி வைத்த காரணம் இது. 1877-க்குப் பின் தெற்கில் பழையவர்களே ஆட்சிக்கு வந்தார்கள். போருக்குப் பிந்தைய சீரமைப்புக் காலம் முழுவதும் தெற்குக்கு இழைத்த கொடுமை என்று எழுதும் சரித்திரம் பல்கலைக்கழகங்களிலேயே உருவானது. 1915-இல் ஓடிய ஒரு பிரபலமான ஊமைப்படத்தில், டோப்பா வைத்து, காலைச் சாய்த்து நடக்கும் ஓர் அரசியல்வாதி வில்லனாக வருவார். நோயில் முடி கொட்டி ஸ்டீவன்ஸும் டோப்பாதான் வைத்திருந்தார். யாரைக் குறிக்கிறது என்று பார்த்தவர்களுக்குப் புரிந்தது. ஊனத்தையே கெட்ட மனத்தின் அடையாளமாக்கியது என்னால் மன்னிக்க முடியாத ஒன்று. டபிள்யூ. இ. பி. டுபாய்ஸ் போன்ற கறுப்பின அறிஞர்கள் 1930-களிலேயே மறுத்து எழுதினார்கள். பொதுப் பார்வை மாற மனித உரிமைப் போராட்டக் காலம் வர வேண்டியிருந்தது. 1954-இல் பள்ளிகளில் நிறப் பிரிவினையை உச்ச நீதிமன்றம் தடை செய்தபோது ஊன்றி நின்றது 14-ஆவது திருத்தத்தின் மேல்தான்.

"பெரிய கல்லறையெல்லாம் இருக்க, ஏன் இந்தச் சின்ன இடம்?"

1868 ஆகஸ்ட் 11 அன்று வாஷிங்டனில் இறந்தார். தலைநகரக் கட்டடத்தின் வட்ட மண்டபத்தில் அவர் உடல் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது. ஹென்றி கிளே, லிங்கன் இருவருக்கும் பிறகு அந்த மரியாதை அவருக்குத்தான். கறுப்பின வீரர்கள் காவல் நின்றார்கள்.

அந்தக் காலத்தில் இந்த ஊரின் பெரிய கல்லறைத் தோட்டங்களில் கறுப்பினத்தவருக்கு இடம் இருக்கவில்லை. அது தெரிந்ததும் எல்லோரையும் ஏற்கும் இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார். கல்லில் உள்ள வாசகம் அவரே எழுதியது. எனக்குத் தெரிந்த தமிழில் இப்படி வரும்: 'தனிமையில் இயல்பான விருப்பம் உண்டென்பதால் இந்த அமைதியான, ஒதுக்குப்புறமான இடத்தில் நான் உறங்கவில்லை. மற்றக் கல்லறைகள் தங்கள் விதிகளால் இனம் பார்த்து வரம்பிட்டிருப்பதைக் கண்டு, நெடிய வாழ்நாள் முழுவதும் நான் வலியுறுத்திய கொள்கையை என் மரணத்திலும் காட்டும்பொருட்டு இதைத் தேர்ந்தேன். படைத்தவன் முன் மனிதர் சமம்.'

"பூ வைக்கலாமா? இந்த ஊர் வழக்கம் எப்படி?"

அத்தை கேட்டது. தாராளமாக வைக்கலாம். தன் உயிலில் ஸ்டீவன்ஸ், பீச்சத்தில் உள்ள அம்மாவின் கல்லறையைப் பராமரிக்கப் பணம் ஒதுக்கி, நான்கு மூலைகளிலும் ரோஜாவோ மனம் மகிழும் வேறு பூச்செடிகளோ வைக்கச் சொல்லியிருக்கிறார். அதனால் ரோஜாவே வாங்கிப் போங்கள். இரண்டு கொத்தாக வாங்குங்கள். 1884-இல் இறந்த லிடியா ஸ்மித், கத்தோலிக்கர் என்பதால் செயின்ட் மேரி கல்லறையில் இருக்கிறார். ஸ்டீவன்ஸின் கல்லறையைப் பராமரிக்கத் தன் பணத்தில் ஒரு தொகை எழுதி வைத்துவிட்டுப் போன அம்மா அவர். வண்டியில் போனால் அங்கேயும் எட்டிப் பார்த்துவிட்டு வரலாம், நேரம் கொஞ்சம்தான் ஆகும்.